விழுந்த கோல் யாருடையது

மைதானத்தில் பதினோரு பேர் நின்றாலும் பழி விழுவதென்னவோ ஒருத்தன் தலையில்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஓசூர் மூக்கண்டப்பள்ளி மைதானத்தில் அந்த ஆண்டிக்குக் கோலி என்று பெயர். ஓட முடியாதவன், குண்டன், லேட்டாக வந்தவன், ஷூ இல்லாதவன் என்று எவனாவது ஒருத்தனைப் பிடித்து இரண்டு கம்பத்துக்கு நடுவே நிறுத்திவிட்டு மற்றவர்கள் பந்தின் பின்னால் ஓடிவிடுவார்கள். கோல் விழுந்ததும் திரும்பி வந்து அவனைத்தான் திட்டுவார்கள்.

அந்தத் திட்டை வாங்கி வாங்கியே வளர்ந்தவர் மணிவேல். ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பம். மழை கைவிட்ட ஒரு வருஷம் ஓசூருக்கு வேலைக்கு வந்தார், ஒரு கம்பெனி டீமுக்குக் கோலியாக நின்றார். கம்பெனி டீமைக் கலைத்ததும் மற்றவர்கள் மிஷினுக்குத் திரும்பிப் போனார்கள். இவர் மட்டும் பந்தை விடவில்லை. கோச்சிங் படித்து, பரீட்சை எழுதி, கோல்கீப்பர் கோச் ஆனார். ஊரில் கேட்காதவர் இல்லை: "பந்தைப் புடிக்கறதுக்குத் தனியா ஒரு வாத்தியாரா? அப்ப உடறதுக்கு ஒரு வாத்தியார் இருக்காரா?" மணிவேல் சிரித்துக்கொள்வார். காலையில் மூக்கண்டப்பள்ளியில் சின்னப் பிள்ளைகள், சாயங்காலம் பாகலூர் ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் டீம், இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய ஸ்கூட்டர். இதுதான் அவர் பிழைப்பு.

அவரிடம் பழகிய கோலியை எந்த மைதானத்திலும் அடையாளம் கண்டுவிடலாம். முதல் அடையாளம் கை. இரண்டு டென்னிஸ் பந்தைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பார் மணிவேல். எந்தக் கையிலிருந்து எப்போது விடுவார் என்று தெரியாது. விட்ட பந்து தரையைத் தொடுவதற்குள் பையன் பிடித்தாக வேண்டும். "யோசிச்சா கோல்டா. மொதல்ல கை போவணும், அப்பறமாத்தான் மூளை போவணும்" என்பார். தினமும் இதுதான், மழையிலும் இதுதான். கொஞ்ச நாளில் பையன்களுக்கு வீட்டில் டம்ளர் சரிந்தால்கூடக் கை தானாகப் போகும். தாய்மார்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

இரண்டாவது அடையாளம் வாய். கோல் விழுந்தால், டிபன்ஸ்காரன் நின்றுகொண்டே தூங்கியிருந்தாலும் சரி, ரெஃப்ரி குருடாக இருந்தாலும் சரி, கோலி கையைத் தூக்கி "என் கோல்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். யாரையும் விரல் நீட்டக் கூடாது. முன்னால் நிற்பவனைத் திட்டுகிற கோலிக்காக எவனும் உயிரைக் கொடுத்து ஓடமாட்டான் என்பது மணிவேலின் கட்சி. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தான் ஒதுங்குகிற ஆளும் இல்லை அவர். தோற்றுப்போன ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் காலேஜ் ஆட்கள் முன்னால் போய் நின்று, "பையன் மேல தப்பில்லீங்க, நான் பழக்குனது சரியில்ல" என்று தலையில் வாங்கிக்கொள்வார். நல்ல பழக்கம்தான், மைதானத்தோடு நின்றிருந்தால்.

விமல்ராஜ் அவரிடம் வந்தது பள்ளிக்கூட வயதில். நாட்றாம்பாளையத்திலிருந்து பிழைக்க வந்து மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறையில் குடியிருந்த குடும்பம். அப்பா சென்றாயன் கிரானைட் லோடு ஏற்றப் போய் முதுகு போய், வீட்டோடு கிடந்தார். அம்மா முனிலட்சுமி ரோஜாப் பண்ணையில் பூ வெட்டி வந்த கூலியில் அடுப்பு எரிந்தது. பையனுக்குக் கை நீளம், பேச்சு கம்மி. கோலிக்கு வேறென்ன வேண்டும்? மணிவேல் அவனைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். அந்தக் கையைக் காட்டித்தான் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் வாங்கினார்.

ஒரு பல்கலைக்கழக ஆட்டத்தில் அவனுடைய டிபன்ஸ்காரனே பந்தைத் திருப்பித் தங்கள் கோலுக்குள் அடித்துவிட்டான். கேலரி விழுந்து விழுந்து சிரித்தது. விமல்ராஜ் நிதானமாகக் கையைத் தூக்கி "என் கோல்" என்றான். அடித்தவன் அழுதுகொண்டே ஓடினான், மிச்ச நேரம் பேய் பிடித்தவன்போல ஆடினான், ஜெயித்தும் விட்டார்கள். அன்றைக்கு மணிவேல் ஊர் திரும்பும் வழி முழுக்க அவன் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை. பெற்ற பிள்ளை கலெக்டராகியிருந்தால்கூட அந்த மனுஷனுக்கு அவ்வளவு பூரிப்பு வந்திருக்காது.

விமல்ராஜுக்கு டிகிரி வந்தது. ஆடக் கூப்பிட்டுப் பெங்களூர் கிளப் எதுவும் வரவில்லை. இந்த ஊரில் பெண் கொடுப்பவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: பையன் பெர்மனெண்டா, கான்ட்ராக்டா? அந்தப் பெர்மனெண்ட் என்ற சொல்லுக்காக எம்.எஸ்சி. படித்தவனும் நட்டு முடுக்குவான். தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப் இருந்தது. பெரிய பிரஸ் இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து வளைக்கும். வண்டிகளுக்கான சின்னச் சின்ன பாகங்கள் அப்படித்தான் பிறக்கும். அதன் முதலாளிக்குப் பந்துப் பைத்தியம். கம்பெனி பெயரில் லீகில் ஒரு டீம் வைத்திருந்தார், மூக்கண்டப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்தும் வலையும் அவர் உபயம். நல்ல ஆட்டக்காரனைக் கான்ட்ராக்டில் எடுத்து, வாரம் முழுக்க மிஷினில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை ஆடவைப்பார்கள். நன்றாக ஆடினால் பெர்மனெண்ட் ஆக்கிவிடுவோம் என்று அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். சந்தோஷ் மணிவேலிடம் சொன்னார். மணிவேல் அதை அப்படியே முனிலட்சுமியிடம் சொன்னார். அந்தம்மா அன்றைக்கு அவருக்குக் கேசரி செய்து கொடுத்தார். விமல்ராஜ் கான்ட்ராக்டில் சேர்ந்தான்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு நாள், பகல் ஷிப்டில், அச்சில் வைத்த தகடு சரிந்தது. விமல்ராஜின் வலது கை அதைப் பிடிக்கப் போனது. பிரஸ் இறங்கியது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

மணிவேல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான் பையன். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், கண் பாதி செருகியிருந்தது.

"பீஸு சரிஞ்சிச்சி சார். கீழ உழுவப் போவுதுன்னு தெரிஞ்சிச்சி. அவ்ளோதான் சார் தெரியும். கை போயிடுச்சி."

மணிவேல் அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். விழுவதைக் கண்டால் யோசிக்காதே, கையை விடு என்று வருஷக்கணக்கில் அந்தக் கைக்குள் ஏற்றியது யார்? வெளியே வராந்தாவுக்கு வந்தார். முனிலட்சுமி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சந்தோஷ், இளநீரும் கையுமாக, முகத்தில் தேவையான அளவு துக்கத்தோடு நின்றிருந்தார். மணிவேலால் அடக்க முடியவில்லை. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு என்ன செய்வாரோ அதையே செய்தார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"என் தப்பு சார் இது. உழுவறது எதுவா இருந்தாலும் கையை உடுன்னு அவனைப் பழக்குனவன் நான்தான். நான் பழக்குன கை சார் அது. மிஷினு என்னா பண்ணும்?"

"பேஜார் மாடிக்கோபேடி சார்" என்று சந்தோஷ் கன்னடத்தில் தேற்றித் தோளைத் தட்டினார். மணிவேல் அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதார். கொஞ்சம் பொறுத்து சந்தோஷ் மெதுவாகக் கேட்டார்: "அப்ப மிஷின் மேல தப்பு ஒண்ணுமில்ல, அப்பிடித்தான சார்?"

"மிஷின் மேல என்னாங்க தப்பு" என்றார் மணிவேல்.

தவளை தன் வாயால் கெடும். இந்தத் தவளை தான் கெட்டதோடு நிற்கவில்லை. முனிலட்சுமி எழுந்து வந்து, "நீங்க ஏன் சார் அழுவறீங்க, எங்க தலையெழுத்துக்கு நீங்க என்னா பண்ணுவீங்க" என்று அவருக்கே ஆறுதல் சொன்னார். அந்த நேரத்தில் அந்த மூன்று பேரில் நடந்தது என்னவென்று புரிந்தவர் சந்தோஷ் ஒருவர்தான்.

மணிவேலுக்குப் புரியவைத்தவர் பூபதி. தொழிற்சங்கத்தில் விபத்துக் கேஸ்களைப் பார்க்கிறவர். ஒரு காலையில் மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"சார், நீங்க அந்த பிரஸ் ஷாப் உள்ள போயிருக்கீங்களா?"

"இல்லீங்க. கேட்டு வரைக்கும்தான்."

"பிரஸ்ஸுன்னா ரெண்டு பட்டன் இருக்கணும் சார், இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டையும் ரெண்டு கையால ஒரே நேரத்துல அமுக்குனாத்தான் மிஷினு எறங்கும். எதுக்கு? கை ரெண்டும் வெளிய இருக்கோணும்னுதான். அப்பிடி இருந்திருந்தா, உழுவறதைப் பாத்து இவன் கையை எடுத்திருந்தாலும் மிஷினு அப்பிடியே நின்னிருக்கும். அந்தப் பட்டனைக் கழட்டிப்போட்டுட்டு காலுக்கு ஒரு பெடல் வெச்சிருந்தாங்க, வேகமா ஓடணும்னு. கை போன அன்னிக்கி சாயங்காலமே பட்டனைத் திரும்ப மாட்டிட்டாங்க."

பின்னால் பிள்ளைகள் பந்தை உதைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கூட நின்னவன் எவனும் வாயத் தொறக்கமாட்டான், எல்லாம் கான்ட்ராக்டு" என்றார் பூபதி. "கம்பெனி இப்ப என்னா சொல்லுது தெரியுமா? மிஷினு நல்லாத்தான் இருந்திச்சி, பையனுக்குக் கை ஒரு எடத்துல நிக்காது, அவனாவே உள்ள உட்டுக்கிட்டான், அவங்க கோச்சே அழுதுகிட்டே சொல்லிட்டாருன்னு சொல்லுது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். தன் தலையில் போட்டுக்கொண்ட பழி நழுவிப் பையன் தலையில் போய் உட்கார்ந்துவிட்டதை மணிவேல் அப்போதுதான் பார்த்தார். செருப்பைக் கழற்றித் தன்னையே அடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது அவருக்கு.

வழி ஒன்று இருப்பதாகப் பூபதி சொன்னார். கிருஷ்ணகிரியில் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை வருகிறது. மிஷினில் பட்டன் இல்லை என்று அந்த அதிகாரியம்மா எழுதிவிட்டால் கம்பெனி மேல் வழக்குப் பாயும். அதற்குப் பயந்து சமாதானத்துக்கு வருவார்கள். அப்போது கேட்டிலோ ஸ்டோரிலோ விமல்ராஜுக்கு ஆயுசுக்கும் ஒரு பெர்மனெண்ட் வேலை வாங்கிவிடலாம். இடது கையால் செய்கிற வேலையாகவே கேட்டுக்கொள்ளலாம். கம்பெனிக்கு இருக்கிற ஒரே துருப்பு மணிவேலின் வாய்.

"நீங்க வந்து, நான் அப்பிடிச் சொல்லவே இல்லேன்னு சொல்லணும்."

"பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

"பொய்தான் சார். அவங்க மட்டும் என்னா சூடம் அடிச்சா பேசறாங்க?"

விமல்ராஜிடமும் பூபதி படித்துப் படித்துச் சொன்னார்: பட்டன் இல்லை, பெடல் வைத்திருந்தார்கள், இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே. அவன் தலையாட்டினான். முனிலட்சுமி அந்த வேலையைக் கையில் வாங்கிவிட்டவர்போலவே பேச ஆரம்பித்துவிட்டார். கேட்டில் உட்காருவதென்றால் ஸ்டூல் கொடுப்பார்களா, சட்டை அவர்களே தைத்துக் கொடுப்பார்களா என்று பூபதியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விசாரணை அன்று கிருஷ்ணகிரி பஸ்ஸில் மணிவேல் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். இல்லீங்க மேடம், நான் அப்பிடிச் சொல்லல. ஐந்தாறு வார்த்தை. சூளகிரி தாண்டியும் அது நாக்கில் உட்காரவில்லை. பிழைப்பு முழுவதும் கையைத் தூக்கித் தூக்கிப் பழகியவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரியவில்லை. முன் சீட்டில் விமல்ராஜ் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். துணி சுற்றிய கை மடியில் கிடந்தது. அதைப் பார்த்ததும் மணிவேலுக்கு வைராக்கியம் வந்தது.

சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரியம்மா, இந்தப் பக்கம் எல்லாரும். சந்தோஷ் ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அதிகாரியம்மா மணிவேலைப் பார்த்தார்.

"நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

"இல்லீங்க மேடம்" என்றார் மணிவேல். வந்துவிட்டது. மேலே பேசினார். "பந்து வேற, மிஷின் வேறங்க. ரெண்டு கையும் பட்டன் மேல இருந்திருந்தா கை எப்பிடிங்க உள்ள போவும்? அந்த மிஷின்ல பட்டனே இல்லீங்க. அதான் தப்பு."

அதிகாரியம்மா தலையசைத்து எழுதிக்கொண்டார். பட்டனை எப்போது மாட்டினீர்கள், அதற்கு என்ன ஆதாரம் என்று சந்தோஷைத் திருப்பிக் கேட்டார். சந்தோஷ் ஃபைலைப் புரட்டினார். பூபதி மேஜைக்கு அடியில் விமல்ராஜின் முழங்காலைத் தட்டினார், ஜெயித்துவிட்டோம் என்பதுபோல.

சந்தோஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவருக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருந்திருக்கும்.

"சாரே, அன்னிக்கி என் தோள்ல சாஞ்சி அழுதீங்க. இன்னிக்கி மேடம் முன்னாடி வாய் கூசாமப் பொய் சொல்றீங்க. உங்க தப்பைக் கம்பெனி மேல தள்றீங்க. மைதானத்துல பசங்களுக்கு இதைத்தான் சொல்லித் தரீங்களா?"

மணிவேல் தலையைக் குனிந்துகொண்டார். தன் கோச் எவன் முன்னாலும் தலை குனிந்து விமல்ராஜ் பார்த்ததில்லை. தோற்ற நாளில்கூட அவர் நிமிர்ந்து நின்றுதான் தப்பை ஒத்துக்கொள்வார். பையனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றான்.

"மேடம், சாரு பொய் சொல்ற ஆளு இல்லீங்க. அன்னிக்கி அவரு சொன்னது நெசம்தான். எனக்காவத்தான் இன்னிக்கி மாத்திச் சொல்றாரு. தப்பு என்னோடதுங்க."

"டேய், உக்காருடா" என்று பூபதி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அதிகாரியம்மா பேனாவை வைத்துவிட்டார். "யோசிச்சுச் சொல்லுப்பா. கம்பெனி மேல தப்பு இல்லையா?"

"இல்லீங்க. யார் மேலயும் இல்ல. கையை உட்டது நான்தான்."

நிறுத்தி, தெளிவாக, அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான். அதிகாரியம்மா இன்னொரு தரமும் கேட்டுப் பார்த்தார். அவன் அதையே சொன்னான். மணிவேல் "மேடம், மேடம்" என்று எழுந்து என்னென்னவோ சொல்ல முயன்றார். ஒரு தரம் மாற்றிப் பேசியவர் பேச்சு அதற்குமேல் எடுபடவில்லை. அதிகாரியம்மா பெருமூச்சு விட்டு எழுதினார். விமல்ராஜ் இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வெயில் கொளுத்தியது. பூபதி பைக்கை உதைத்துக் கிளப்பினார். "ரெண்டு பேரும் சேந்து நல்லா சேம் சைடு கோல் போட்டீங்க சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

முனிலட்சுமி அழவில்லை. பஸ் நிறுத்தத்தில் மணிவேலுக்கு நேர் எதிரே வந்து நின்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறுதல் சொன்ன அந்த முகம் இப்போது வேறாக இருந்தது.

"ஏன் சார், உழுவறதுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, எந்திரிக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. இவன்தான் பண்ணான்னு அடுத்தவனைக் கை காட்டறதுக்கு மட்டும் ஏன் சார் சொல்லிக் குடுக்கல? கை காட்டத் தெரியாதவன் இந்த ஊர்ல எப்பிடி சார் பொழைப்பான்? இப்ப காட்டறதுக்குக் கையும் இல்ல."

மணிவேலுக்குத் தன் வாழ்நாள் வேலையை ஒரு பூ வெட்டுகிற அம்மா நாலு வரியில் பிடுங்கி எறிந்துவிட்டதாகத் தோன்றியது. அது சரி என்றும் தோன்றியது. இதுவரை பழக்கிய ஒவ்வொரு பையனின் முகமும் நினைவுக்கு வந்தது. அவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கம்பெனி கேட்டுக்குள் இருந்தார்கள்.

"உடும்மா" என்று விமல்ராஜ் நடுவில் வந்தான். அம்மாவைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்திவிட்டுக் கோச்சின் பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சார், நான் சரியாத்தான சொன்னேன்?"

மணிவேல் அவனைப் பார்த்தார். கண்ணில் கொஞ்சமும் கள்ளமில்லை. தப்பாச் சொல்லிட்டடா, உன் சோத்துல நீயே மண்ணைப் போட்டுக்கிட்டடா, அந்த மண்ணை அள்ளிக் குடுத்தவன் நான்தாண்டா என்று கத்தத் தோன்றியது அவருக்கு. அதுதான் உண்மை. ஆனால் கை போய், வேலை போய் நிற்கிறவனிடம் மிச்சமிருந்தது தான் சரியாகச் செய்தோம் என்ற ஒரே நினைப்புதான். அதையும் பிடுங்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அறைக்குள் சொன்ன பொய்க்குக் கிருஷ்ணகிரி வரைக்கும் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. இந்தப் பொய் ஒத்திகை இல்லாமலே வந்தது.

"சரியாத்தாண்டா சொன்ன" என்றார்.

விமல்ராஜின் முகம் மலர்ந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து இன்றுதான் அவன் சிரித்தான். அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியாம்மா, சாரே சொல்லிட்டாரு" என்றான்.